பிரபுவுக்கு முதல் மாடு

அத்தியாயம் 6

செத்தவன் பெட்டியில் கை வைக்கிறவனுக்கு நரகத்தில் தனி ரூம் ஒதுக்கியிருப்பார்கள், அதுவும் ஏ.சி. ரிப்பேரான ரூம் என்று சதக்கத்துல்லா உறுதியாக நம்பினான். துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் அம்மையப்பன் படுத்திருந்த ரூமுக்குள் நுழைந்ததும் அந்த நரகத்தின் மாடல் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. அடுக்குக் கட்டில்கள், கொடியில் தொங்கும் ஈரப் பனியன்கள், இருமிக்கொண்டே இருக்கும் ஏ.சி.

சதக் வேலை பார்ப்பது பானுமதியிடம். ஷார்ஜா ரோலாவில் பணம் மாற்றும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு மேல்மாடியில் ஆபீஸ். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு உண்மையைத் தோண்டிக் கொடுப்பது அவள் தொழில். கார் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, கேட்காமலே கருத்துச் சொல்வது இவன் தொழில். பானுமதி மதுரைக்காரி. சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லி வளர்த்த முகம்.

விவகாரம் இதுதான். அரியலூர்ப் பக்கத்து அம்மையப்பன் சைட்டில் வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனான். உடல் நாளைக்கு ஊருக்குப் போகிறது. பெட்டியில் வைத்திருந்த தங்கச் செயினையும் புது போனையும் காணோம். பக்கத்துக் கட்டில் வீரபாண்டிதான் எடுத்தான் என்கிறது கம்பெனி. பானுமதி தன் ரிப்போர்ட்டில் ‘ஆமாம்’ என்று எழுதினால் போதும், சாயங்காலம் போலீஸ் வண்டி வந்து அவனை அள்ளிக்கொண்டு போய்விடும். ஜெயிலைக்கூடக் கழித்துவிடலாம். செத்தவனும் இவனும் ஒரே ஊர், ஒரே தெரு. பிணத்தின் பெட்டியில் திருடியவன் பெண்டாட்டி என்ற பெயரோடு நாகஜோதி அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும்.

பானுமதி தரையில் குந்திப் பெட்டியைத் திறந்தாள். மேலாக ஒரு நல்ல ஜப்பான் வாட்ச். அதன் கீழே வெள்ளி அரைஞாண், பிரிக்காத போர்வை, பால்பவுடர் டின், தைலம்.

“சதக், நீ திருடன். எதை எடுப்பே?”

“எல்லாத்தையும்தான் அக்கா. மொத்தத்தையும் போர்வையில சுத்தி, தலைவலிக்குத் தைலத்தையும் தடவிக்கிட்டுக் கிளம்பிருவேன்.”

“இவன் செயினை எடுத்திருக்கான். போனை எடுத்திருக்கான். கண்ணு முன்னால கிடக்கிற வாட்சை விட்டுட்டான்.”

“மனசாட்சி உள்ள களவாணி போலிருக்கு.”

கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஈசா தலையைத் தூக்கினார். அந்த ரூமில் நெடுநாள் ஆள், ஊர் காயல்பட்டினம். “இது புதுசு இல்லம்மா. போன வருஷம் கடலூர்க்காரர் ஒருத்தர் மண்டையப் போட்டாரு. மோதிரம் போச்சு, டேப்லெட் போச்சு. பாட்டுப் பெட்டியை மட்டும் ஊருக்கு அனுப்புனாங்க. அதுக்கு முந்தி ஒரு நேபாளிப் பையன். அவனுக்கும் ரெண்டு சாமான்தான் போச்சு. அப்பல்லாம் வீரபாண்டி இந்த கேம்ப்லயே கிடையாது. நாம சொன்னா எவன் கேக்குறான்?”

“ஒவ்வொரு தடவையும் ரெண்டா?” என்றாள் பானுமதி.

“ரெண்டே ரெண்டு. இருக்குறதுலயே ஒசத்தியா.”

சதக்குக்கு வாய் நிற்கவில்லை. “முதல் பரிசும் ரெண்டாம் பரிசும் களவு போயிருது. ஆறுதல் பரிசு மட்டும் தாலியறுத்தவளுக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. பானுமதி மட்டும் அவனை உற்றுப் பார்த்தாள். “உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே. ஞாபகம் வச்சுக்கோ” என்றாள்.

வீரபாண்டியை வாட்ச்மேன் காவலில் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். கீழுதடு வீங்கியிருந்தது. கூடப் படுத்தவர்களே அடித்திருக்கிறார்கள். செத்தவன் பொருள் என்றதும் யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை.

“பெட்டிச் சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?” என்று கேட்டாள் பானுமதி.

“ஆமாங்கம்மா. ஆஸ்பத்திரில அண்ணன் சட்டைப் பையிலேர்ந்து எடுத்து என் கையிலதான் குடுத்தாங்க.”

“அப்புறம் யார்கிட்டயும் குடுக்கலையா?”

“இல்லைங்க.” கொஞ்சம் யோசித்தான். “சாமி சார்கிட்ட மட்டும் குடுத்தேன். பெட்டிகிட்ட விளக்கேத்தி ஜெபம் பண்ணணும், ஆத்மா அலையும், எல்லாரும் வெளில இருங்கன்னாரு. முடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“அவரைப் போயி எப்படிங்க சொல்றது?” அவனுக்கு அந்தக் கேள்வியே அசிங்கமாகப் பட்டது. “அண்ணன் மொகத்தைத் தொடைச்சு விபூதி பூசினதே அவருதாங்க.”

சாமி சார் என்றால் ரகுநாதன். கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர். திருச்சியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த புரொபசர், குடும்பத்தோடு துபாயில் இருக்கிறார். கேம்பில் யார் செத்தாலும் ஆஸ்பத்திரிக்கும் தூதரகத்துக்கும் அலைந்து, உடலோடு விமானமேறிப் போய் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர். அவர் பெயரைச் சொன்னால் கேம்பே எழுந்து நிற்கும்.

“அக்கா, கோயிலையே சந்தேகப்படுறீங்க” என்றான் சதக்.

“உண்டியல் அங்கதானே இருக்கு? ஊருக்குப் போன் போடு.”

பொட்டிம் ஆப் காலில் அம்மையப்பனின் மனைவி பஞ்சவர்ணம் வந்தாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. செயின் மகளின் கல்யாணத்துக்காம். போன் அவளுடைய காலேஜ் படிப்புக்காம். ரம்ஜான் தள்ளுபடியில் வாங்கியதாக அம்மையப்பன் வீடியோவில் காட்டியிருக்கிறான்.

“வீரபாண்டி வெளங்கவே மாட்டாங்க. கூடப் பொறந்தவனாட்டம் நெனச்சேன். சாமி சார் மட்டும் இல்லாட்டி நாங்க என்ன ஆவோம்? ரெண்டு வேளையும் போன் பண்ணி ஆறுதல் சொல்றாரு. அவரும் அழுவுறாரு.”

“பூஜைக்கு ஏதாவது விவரம் கேட்டாரா?”

“கேட்டாருங்க. பொண்ணு பொறந்த தேதி கேட்டாரு. ஐப்பசி, பூரட்டாதின்னு சொன்னேன். அதெல்லாம் வேணாம், ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல இருக்குற இங்கிலீஷ் தேதி வேணும்னாரு. வருஷத்தோட சொல்லுங்கன்னாரு.”

“உங்க வீட்டுக்காரரோட நட்சத்திரம்? கோத்திரம்?”

“அது கேக்கலைங்க.”

பானுமதி போனை வாங்கிக்கொண்டு படியோரமாகத் தனியே போய்ப் பஞ்சவர்ணத்திடம் இன்னும் கொஞ்சம் பேசினாள். திரும்பி வந்தபோது சதக்கின் போனைத் தன் ஃபைலுக்குள் செருகிக்கொண்டு, தன்னுடைய போனை அவனிடம் நீட்டினாள். “முதலாளி ரூம்ல ஏதாவது தேடச் சொல்லுவேன். இதுல தேடு.”

“என்னோடது?”

“அதுக்கு வேற வேலை இருக்கு.”

கேம்புக்கு எதிர்க் கட்டிடத்தில் முதலாளி விஜயபாஸ்கரின் ஆபீஸ். கதவைத் திறந்ததும் துபாய் மறைந்து இங்கிலாந்து வந்துவிட்டது. சுவர் முழுக்கப் பழைய வரைபடம். நடுவில் கூர்க் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். ஆற்றோரம் ஒரு மாவு மில். சுற்றிலும் ரிப்பன் ரிப்பனாக வயல்கள். கால்மாட்டில் நாய் படுத்திருக்க, கவசத்தோடு மல்லாந்து கிடக்கும் ஒரு கற்சிலையின் போட்டோ பக்கத்தில் மாட்டியிருந்தது.

“லிட்டில் மார்ல்விக்” என்றார் விஜயபாஸ்கர். பட்டுச்சட்டை, பளபளப்பான மண்டை, குழந்தை மாதிரி சந்தோஷம். “இங்கிலாந்துல அதை பேரிஷ்னு சொல்வாங்க. ஒரு சர்ச், அதுக்கு அடங்கின கிராமம். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால அந்த மண்ணு, ஆடு, மாடு, ஆளு எல்லாம் ஒரே பிரபுவுக்குச் சொந்தம். இந்தச் சிலை இருக்காரே, சர் ராபர்ட், அவருக்கு. இப்ப அந்தப் பட்டம் என்கிட்ட.”

“ஊரையே வாங்கிட்டீங்களா சார்?” என்றான் சதக்.

“நிலம் கிடையாது. பட்டம் மட்டும். சட்டப்படி விக்கிறாங்க, வாங்கினேன். நேர்ல போனேன், டீ குடுத்தாங்க. சரித்திரத்தையெல்லாம் தோண்டி எடுத்தது நம்ம புரொபசர்.”

மூலை நாற்காலியில் ரகுநாதன் இருந்தார். நெற்றியில் மூன்று கோடு, மடியில் துணிப்பை, பார்த்தாலே பாவமன்னிப்பு கிடைக்கிற முகம். “எல்லாம் ஐயாவோட ஆர்வம்” என்றார் அடக்கமாக.

“அந்தக் காலத்துக் குடியானவங்க எப்படி இருந்தாங்க சார்?” பானுமதி அதிசயமாகக் குரலில் தேனைத் தடவினாள். சதக் உஷாரானான். அக்கா இனிப்பாகப் பேசினால் யாருக்கோ சர்க்கரை நோய் வரப்போகிறது.

“அடிமைன்னு சொல்ல முடியாது. ஆனா பிரபு உத்தரவு இல்லாம ஊரை விட்டுப் போக முடியாது. பாத்தீங்களா, இங்க விசா குடுக்குற கஃபீல் அங்கயே இருந்திருக்கார்!” விஜயபாஸ்கர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அவர் மில்லுலதான் மாவு அரைக்கணும். பொண்ணுக்குக் கல்யாணம்னா அவருக்குக் கட்டணம். செத்தா, அதுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஹெரியட்னு பேர். செத்தவன் வீட்டுல இருக்கிறதிலேயே ஒசத்தியான மாட்டை பிரபு எடுத்துக்குவார்.”

“செத்த வீட்டுலயா?”

“அவர் குடுத்த வாழ்க்கைதானே? முடிஞ்சா ஒரு பங்கு திரும்ப வரணும்.”

“அதெல்லாம் அந்தக் காலத்துப் பிரபுக்கள். இன்னிக்கு அந்தத் துணிச்சல் யாருக்கு சார் வரும்?” என்றாள் பானுமதி.

விஜயபாஸ்கர் அவளை அளந்து பார்த்தார். “உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என் ஆளுங்க அத்தனை பேருக்கும் பிரீமியம் கட்டறவன் நான். நீங்க எழுதப்போற ரிப்போர்ட் எனக்கு ஏற்கெனவே தெரியும்.” மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே கறுப்பு வெல்வெட். ஒரு மோதிரம், ஒரு வளையல், ஒரு செயின். “அரியலூர்ச் செயின் இதுதான். திருடலைம்மா. வழக்கம்.”

சதக்குக்குக் காது சூடானது. மேஜையைத் தூக்கி அந்த ஆள் மண்டையில் போடலாம்போல் இருந்தது. மேஜை தேக்கு, கனம் அதிகம் என்பதால் மட்டும் சும்மா நின்றான்.

“அப்ப வீரபாண்டி?”

“செயின் என்கிட்ட வந்துச்சு. போனை அவன் எடுத்திருப்பான். செத்தவன் பொண்டாட்டி கத்தினா, ரெண்டையும் சேர்த்து அவன் தலையில எழுதினேன். பாதி உண்மைதானே?”

“ஹெரியட். தேடு” என்றாள் பானுமதி, திரும்பாமலே.

சதக் தட்டினான். படித்தான். இன்னொரு முறை படித்தான். “அக்கா, முதல் மாடு பிரபுவுக்கு. ரெண்டாவது ஒசத்தி மாடு அந்த ஊர்ப் பாதிரியாருக்குப் போயிருமாம். மிச்சம்தான் வீட்டுக்காரிக்கு.”

விஜயபாஸ்கரின் புருவம் ஏறியது. “ரெண்டாவதா? ரெண்டாவதுன்னு ஒண்ணு இருக்கா?” மூலை நாற்காலியைப் பார்த்தார். “புரொபசர், இதை நீங்க சொல்லவே இல்லையே?”

ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லா இடத்திலும் இருந்த வழக்கம் இல்லை ஐயா. முக்கியமாப் படலை.”

“பட்டிருக்கு சார்” என்றாள் பானுமதி. “கேம்ப்ல பிரபு யார்னு எல்லாருக்கும் தெரியும். பாதிரியார் யாரு? செத்தவன் நெத்தியில விபூதி பூசறவர். சாவியை வாங்கித் தனியா விளக்கேத்தறவர். முதல் பொருளை எடுத்து ஐயாகிட்டக் குடுத்தது நீங்க. ரெண்டாவதை ஐயாகிட்ட மறைச்சதும் நீங்க.”

“அபாண்டம். நான் பிரார்த்தனை பண்ணப் போனவன்.”

“எங்க ஊர்லயும் காரியம் பண்ணுவாங்க. செத்தவரோட நட்சத்திரம் கேப்பாங்க, கோத்திரம் கேப்பாங்க. அதைக் கேக்காம, உசுரோட இருக்கிற பொண்ணோட இங்கிலீஷ் தேதியை, அதுவும் வருஷத்தோட கேட்டீங்களே, அது எந்த மந்திரத்துல வருது? கேம்ப்ல பாதிப் பேருக்கு போன் பூட்டு, பெத்த பிள்ளையோட பிறந்த தேதிதான். இது உங்களுக்கு மூணாவது சாவு. நல்லாத் தெரிஞ்சிருக்கும்.”

ரகுநாதனின் கை மடியிலிருந்த பையை இறுக்கியது. சதக் அதற்குத்தான் காத்திருந்தான். ஒரே எட்டில் போய்ப் பையை உருவினான். திருநீற்றுப் பொட்டலம், கற்பூரம், ஒரு பழைய போன், ஒரு புது போன். பஞ்சவர்ணத்திடம் கேட்டு வைத்திருந்த தேதியைப் பானுமதி சொல்லச் சொல்லத் தட்டினான். திறந்துகொண்டது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் யூனிபார்மில் சிரித்தாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

சாந்த முகம் உரிந்து விழ, ரகுநாதன் சீறினார். “இந்த ஆளுக்கு ஒரு வரி சரித்திரம் தெரியாது. காசு குடுத்துப் பட்டம் வாங்கினான். டாக்டர் பட்டம் வாங்கின நான் இவன் ஆளுங்க பிணத்தைச் சுமந்துக்கிட்டு ஊர் ஊராப் போறேன். முதல் மாட்டை இவன் எடுப்பான், அழுது பிரார்த்தனை பண்ற எனக்கு ஒண்ணும் கிடையாதா? அறுநூறு வருஷத்துக்கு முன்னாலகூட நியாயம் இருந்தது.”

விஜயபாஸ்கர் கோபப்படவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

“சரிம்மா, கலாஸ், போதும்” என்றார் கடைசியில். “நியாயமா முடிச்சுக்கலாம். செயினும் போனும் பெட்டிக்குள்ள கிடைச்சதா எழுதுங்க. வீரபாண்டியை நான் விட்டுடறேன். மாட்டேன்னா, எங்க ரெண்டு பேர் வார்த்தைக்கு எதிரா அவன் ஒருத்தன் வார்த்தை. வண்டி வந்துக்கிட்டிருக்கு. யோசிங்க.”

சதக் தவித்துப் போனான். எழுதினால் வீரபாண்டி தப்பிப்பான், ஆனால் பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்று ஊரில் திருடனாகவே இருப்பான். எழுதாவிட்டால் ஜெயில். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம்.

பானுமதி யோசிக்கவில்லை. ஃபைலைத் திறந்து சதக்கின் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பொட்டிம் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

“பஞ்சவர்ணம், இப்ப பேசலாம். கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க” என்றது ஸ்பீக்கர். “ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருக்கேன். துக்கத்துக்கு வந்த சனம் மொத்தமும் கேட்டுச்சு. பஞ்சாயத்துத் தலைவரும் இங்கதான் இருக்காரு. ரெக்கார்டும் பண்ணியிருக்காங்க.”

விஜயபாஸ்கரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“வண்டி வரட்டும் சார்” என்றாள் பானுமதி. “ஏறப்போற ஆளுங்கதான் மாறிட்டாங்க. அந்த டிராயரை மூடாதீங்க.”

புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியை, இந்தக் கேவலத்தை முதலிலிருந்து கடைசிவரை காதால் கேட்க வைத்திருக்கிறாள். சதக்குக்கு அக்காவைப் பார்க்கவே ஒரு கணம் பயமாக இருந்தது. ஆனாலும் வீரபாண்டியின் பெயரை அந்தத் தெருவில் கழுவ வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது?

வாட்ச்மேன் வீரபாண்டியை அழைத்து வந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் சாமி சாரைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். திருடியவருக்கு வரவேண்டிய வெட்கம் அவனுக்கு வந்தது.

“பேசுய்யா, உங்க ஊர்தான்” என்று சதக் போனை அவன் பக்கம் நகர்த்தினான். நல்ல செய்தி சொல்கிற குஷி அவனுக்கு. “உன் பேர் வெள்ளையாயிருச்சு.”

“அக்கா” என்றான் வீரபாண்டி.

அந்தப் பக்கம் பஞ்சவர்ணம் உடைந்தாள். “வீரா, என்னை மன்னிச்சுருய்யா. நேத்து உன் வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்திட்டேன். ஊரே பாத்துச்சு.”

“பரவால்லக்கா. தெரியாமத்தானே.”

“நாகஜோதி எதுத்து ஒரு வார்த்தை பேசல. உள்ளாற போனா. வெளில வந்து தாலியைக் கழட்டி என் மடியில போட்டா. உங்க செயினுக்கு இது காணுமான்னு பாருங்கக்கான்னா. நானும் பாவி, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

பானுமதியின் முகத்தை சதக் பார்த்தான். எதற்கும் அசையாத அந்த முகம் அசைந்தது. இதை அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீரபாண்டி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மெதுவாக, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

“கழட்டும்போது நான் உசுரோடதான் இருக்கேன்னு அவளுக்கு ஞாபகம் இருந்துச்சாக்கா?”

ஸ்பீக்கரில் ஒப்பாரி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.